பட்டியலில் இருக்கிறது, படத்தில் இல்லை

ரங்கநாதன் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு இயந்திரக் கம்பெனியின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டோடு இருக்க ஆரம்பித்தபின், மகள் ஸ்ரீரஞ்சனி விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டுகளைக் கண்டுபிடித்தார். பாழடைந்த மாளிகை, தூசி படிந்த நூலகம், கரை ஒதுங்கிய கப்பல் என்று ஒரு படம் வரும். அதில் நூறு சாமான்கள் இறைந்து கிடக்கும். கீழே ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். அதில் உள்ள சாமானைப் படத்தில் தேடிப் பிடித்துச் சொடுக்க வேண்டும். நடுநடுவே பூட்டைத் திறக்கப் புதிர்கள் வரும்.

“நான் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. சும்னே, பொழுது போக விளையாடறவன்” என்று சொல்லிக்கொள்வார். ஆனால் அபிப்பிராயங்களுக்குக் குறைவே இல்லை. சமையலறையில் இருக்கும் மனைவி ஜெயலக்ஷ்மி அவற்றையெல்லாம் கேட்டாக வேண்டும்.

“ஒளிச்சு வைக்கறதுலயும் ஒரு நாணயம் வேணும், ஜெயா. மீனைக் கொண்டுபோய்ச் செங்கல் சுவத்துல செங்கல் கலர்ல வரைஞ்சு வச்சா அது ஒளிச்சு வச்சதா? அது மோசடி. குடைன்னா குடை நிக்கற எடத்துல நிக்கணும். ஆனா கண்ணுல படக்கூடாது. அதுதான் வேலை.”

நேரம் வைத்து விரட்டும் ஆட்டத்தை அவர் தொடமாட்டார். ஆபீஸில் பார்த்த கடியாரம் போதும் என்பார். கட்டங்களை நகர்த்திப் படம் சேர்க்கும் புதிர் வந்தால் உடனே தாண்டிப் போகும் பொத்தானை அழுத்திவிடுவார். “எனக்கு அதுல வெக்கமே கிடையாது. நான் அங்க போனது சாமான் தேட. கட்டம் தள்ளறதுக்கு இல்லை.” கதைகள்மேலும் அவருக்குக் கோபம் உண்டு. “எல்லாத்துலயும் அக்கா காணாமப் போறா, தங்கை தேடிண்டு போறா. அந்த ஊர்ல போலீஸ்னு ஒருத்தன் கிடையாதா?” பெயருக்குப் பதிலாகச் சாமானின் நிழலுருவத்தைக் காட்டும் ஆட்டங்கள் குழந்தைகளுக்கானவை என்பது அவர் தீர்ப்பு. வார்த்தையைப் படித்து, அந்தச் சாமானை மனசில் கொண்டுவந்து, பிறகு தேட வேண்டும். அதில்தான் சுகம் என்பார்.

இதையெல்லாம் ஒரு இணையதளத்தில் ஆங்கிலத்தில் எழுதவும் செய்தார். யார் யாரோ படித்தார்கள். நார்வேயில் இருக்கும் ஒரு பெண்மணி, அவர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால்தான் எந்த ஆட்டத்தையும் வாங்குவதாக ஒருமுறை பதில் போட்டிருந்தாள். அதை அவர் மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் வேறு மாதிரி முணுமுணுக்க ஆரம்பித்தார்.

“இந்தக் கம்பெனிக்காரா எல்லாம் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டா. பட்டியல்ல போட்டிருக்கான், படத்துல வைக்கலை.”

ஜெயலக்ஷ்மி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு ஆட்டத்தை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தார். அதுவும் மோசம் என்றார். அதற்கடுத்ததும் மோசம். கடைசியில் கோபம் தாங்காமல், இல்லாத சாமான்களைத் தேடச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று தளத்தில் கடுமையாக எழுதினார். சாமான்களின் பெயரையும் போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரேன். இந்த அம்மா என்னமோ அனுப்பியிருக்கா. புரியலை.”

நார்வேக்காரி அந்தப் படத்தையே அனுப்பியிருந்தாள். அவர் இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். கீழே, நண்பரே, எல்லாம் இருக்கின்றன, ஒருவேளை உங்கள் திரை மங்கலாக இருக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தாள்.

“சரியாத்தானே சொல்லியிருக்கா. இதோ இருக்கே லேடர்” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“எங்க?”

“சுவத்துல சாஞ்சிண்டு நிக்கறதே. பெரிசா. ஏணி.”

அவர் வட்டத்துக்குள் உற்றுப் பார்த்தார். “ஏணியா? ஏணின்னா என்ன?”

கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தாள். சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பதில் தெரிந்தால் தேவலை என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறிக் கடையில் பூசணிக்காயைக் காட்டி “அந்த இது குடுப்பா” என்று அவர் சொன்னதும், சாப்பாட்டு மேஜையில் கரண்டியை “அந்தச் சாமான்” என்றதும் அப்போதுதான் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

மூளை நரம்பு மருத்துவரான டாக்டர் சுப்ரியா அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருள், கறுப்புக் கோட்டில்.

“சார், இது ஏனு? என்ன இது?” என்று கன்னடம் கலந்து கேட்டாள்.

அவர் அட்டையைக் கையில் வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார். “கோடு நன்னா இருக்கு. ஆனா பின்னாடி ஒண்ணுமே போடலையே, வெறுமனே நிக்கறது. இதுல தேடறதுக்கு என்ன இருக்கு?”

டாக்டர் சிரித்தாள். “கரெக்ட் சார். ஆனா இது பேர் என்ன?”

“மிருகம்.”

“என்ன மிருகம்?”

“நாலு கால் இருக்கே. நாய் மாதிரி ஒண்ணு.”

அது ஒட்டகம். ஜெயலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். “அம்மா, இது சாதாரண மறதி இல்லை. நேத்து என்ன நடந்ததுன்னு கேளுங்க, சொல்வாரு. வார்த்தையோட அர்த்தம்தான் போயிட்டே இருக்கு. முதல்ல பேரு போகும். அப்புறம் அந்தப் பொருள் எதுக்குங்கறதே போகும். அப்புறம் மனுஷங்க.”

“மருந்து?”

“இதை நிறுத்தற மருந்து இல்லைம்மா. கண்ணும் கையும் நல்லாவே இருக்கும். படம், புதிர் எல்லாம் இன்னும் கொஞ்ச காலம் நல்லாப் பண்ணுவாரு.”

புணேயில் வேலை பார்க்கும் ஸ்ரீரஞ்சனி இதை ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சி கொடுத்தால் திரும்பி வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தினமும் வீடியோவில் வந்து படங்களைக் காட்டினாள். “அப்பா, இது சீப்பு. சொல்லுங்கோ, சீப்பு.” அவரும் சொன்னார். சில நாளில் அந்தப் படத்தைக் காட்டினால் “சீப்பு” என்று பட்டென்று சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் கண்ணாடி முன்னால் இருந்த நிஜச் சீப்பை ஜெயலக்ஷ்மி எடுத்து நீட்டியபோது, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

அதைச் சொன்னபோது ஸ்ரீரஞ்சனி போனிலேயே அழுதாள். ரங்கநாதன் திரையை எட்டிப் பார்த்து, “அவளுக்கு என்ன வேணுமாம்?” என்றார்.

“போதும்டீ. விட்டுடு” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“முயற்சியே பண்ண வேண்டாமா அம்மா?”

“பண்ணியாச்சு.”

பட்டியல் வைத்த ஆட்டங்கள் எதையும் இனி அவரால் ஆட முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்வார், எழுத்துகளைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். ஜெயலக்ஷ்மிக்கு மனசு கேட்கவில்லை. அவளே தேடி, நிழலுருவம் காட்டும் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். குழந்தைகளுக்கானது என்று அவர் தள்ளிவைத்த வகைதான். உருவத்தைப் பார்த்து உருவத்தைத் தேட வார்த்தை தேவைப்படவில்லை. கை சரசரவென்று ஓடியது. முன்பு தாண்டிப் போன கட்டம் தள்ளும் புதிர்களைக்கூட நின்று முடித்தார்.

ஒரு வாரம் அவளுக்கு வீடே வெளிச்சமானதுபோல் இருந்தது. பிறகுதான் கவனித்தாள். அவர் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார். முடியும், மறுபடி முதலிலிருந்து. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலிக்குப் போவார். இது நன்றாக இருக்கிறது என்றோ, மட்டம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. நார்வேக்காரி, ரொம்ப நாளாக ஒன்றும் எழுதவில்லையே, சௌக்கியமா என்று தளத்தில் கேட்டிருந்தாள். ஜெயலக்ஷ்மி பதில் எழுத உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிவிட்டாள்.

அவர் திட்டுவதையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. எல்லோரும் ஒருமுகமாகத் திட்டியிருந்த ஒரு நிழலுருவ ஆட்டத்தைத் தேடிப் பிடித்தாள். படங்கள் கலங்கலாக இருந்தன. ஓரத்தில் கடியாரம் ஓடியது. ஒரு படகு வானத்தில் பாதி மறைந்து தொங்கியது. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அவர் ஆடினார். படகைச் சொடுக்கினார். கடியாரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

“ஏன்னா, எப்படி இருக்கு இந்த ஆட்டம்? மோசம்தானே?”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. இதமாகச் சிரித்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தினார். அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவரிடம் எந்த ஆட்டத்தைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

சங்கராந்திக்கு ஸ்ரீரஞ்சனி லீவு போட்டு வந்தாள். ஹாலில் பையை வைத்துவிட்டு, “அப்பா, நான் வந்துட்டேன்” என்று அவர் அருகில் போய்க் குனிந்தாள்.

ரங்கநாதன் சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்தார். வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். வந்தவர்களுக்குக் காட்டும் அதே பழைய முகமலர்ச்சியோடு, “வாங்கோ வாங்கோ. உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?” என்றார்.

பிறந்ததிலிருந்து அவளை வாடீ போடீ என்று தவிர வேறு விதமாக அவர் கூப்பிட்டதில்லை. ஸ்ரீரஞ்சனி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயலக்ஷ்மி சமையலறைக்குள் திரும்பிப் போனாள்.

“சாப்பிடறேன்” என்றாள் அவள்.

“ஜெயா, இவாளுக்குக் காபி” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு அவர் மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெண்ணுக்குத் திரை தெரியவில்லை என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஸ்ரீரஞ்சனி தரையில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஜெயலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள்.