ஏறுகிற வண்டிக்கு வழி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் விபத்திலிருந்து கிடைத்தது. ‘கிடைத்தது’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதே விபத்தில் சின்னையனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. அவர் இழந்ததும் நான் பெற்றதும் ஒரே இடத்தில்தான்: மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையைக் கல் கம்பெனியின் ட்ராலி லைன் குறுக்கே வெட்டும் வளைவில்.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். (நல்ல கதைக்காரர்கள் இப்படி எல்லாவற்றையும் முதலிலேயே கொட்ட மாட்டார்கள். ஆனால் ஒளித்து வைத்துச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.) குவாரியில் வெட்டிய கல்லோடு ட்ராலி தண்டவாளத்தில் தன் பாரத்திலேயே இறங்கி வரும். பின்னால் ஓர் ஆள் நின்று பிரேக் பிடிப்பார். அன்று நின்றவர் சின்னையன். சாலையைக் கடக்கும் இடத்தில் கேட் இல்லை. சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் மட்டும் உண்டு. அன்று இருந்தவர் ஜெயமேரி அக்கா. பஸ்ஸை ஓட்டியவர் பொன்னுவேல். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான். பனி கொட்டியது. மோதிவிட்டது.

நாளைக் காலையில் கம்பெனி ஆபீசில் விசாரணை. என்னிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: கொடி காட்டப்பட்டதா? காட்டவில்லை என்று நான் சொன்னால் ஜெயமேரி அக்காவுக்கு வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். போலீஸ் கேஸ் வந்தாலும் வரலாம்.

2

பகலில் காப்பி நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்புகிறேன். மாலையில் ஏற்காட்டில் டைப்ரைட்டிங் வகுப்பு. தூங்குமுன் டைரி. எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். ஆகவே அன்று பார்த்ததைக் கதையாக எழுதினால் ஞாபகம் தெளியும் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் இத்தனைக்கும் காரணம்.

முதல் தொடக்கம்: “வளைவில் பஸ் திரும்பியபோது பனி கண்ணாடியில் வந்து படிந்தது. பனிக்குள் ஒரு சிவப்பு அசைந்தது.”

படித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் சந்தேகம் வந்தது. வெள்ளைப் பனி என்று எழுதிய கைக்கு, அடுத்து ஒரு சிவப்பு வேண்டியிருந்ததோ?

இரண்டாவது தொடக்கம்: “வளைவில் பஸ் திரும்பியது. வெளியே எதுவும் தெரியவில்லை.”

இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவதை “நான் பொய் சொல்லத் தெரியாதவள், ஏனென்றால்” என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டேன். அதற்குமேல் என்ன எழுதினாலும் பொய்யாகிவிடும்.

[அன்றைய டைரியைக் கேட்பீர்கள். அதில் இருப்பது இதுதான்: ‘பஸ் ட்ராலியில் மோதிவிட்டது. எனக்கு அடி இல்லை. வகுப்புக்குப் போகவில்லை.’ கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்காததால் எழுதாமல் இருந்திருக்கலாம். தினமும் பார்க்கிற கொடியை எவள் டைரியில் எழுதுவாள் என்றும் இருந்திருக்கலாம்.]

தொல்லை இதுதான். அந்த முதல் தொடக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதியதில் இப்போது கண்ணை மூடினால் சிவப்பு தெரிகிறது. அதைச் சாலையில் பார்த்தேனா, காகிதத்தில் பார்த்தேனா என்று தெரியவில்லை.

3

பொன்னுவேலைக் கதையில் கெட்டவராக எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைக் கண்டதும் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது.

“வா கண்ணு. டீ சாப்பிடு. பயந்துக்காத, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“கேக்கலாமுங்கண்ணா.”

“என்னத்தக் கேக்கறது? எனக்குக் கொடி காட்டலை. அவ்வளவுதான். அந்தப் புள்ள மேல எனக்கு என்ன பகை?”

“கொடி காட்டலீன்னாலும் ட்ராலி வர்ற நேரம்னு தெரியுமில்லீங்களா?”

“தெரியும். அதுக்கு?” அவருக்கு என் கேள்வியே வேடிக்கையாகப் பட்டது. “நான் ஏறிட்டு வர்றேன். அது எறங்குது. எறங்குற வண்டி நின்னு ஏறுற வண்டிக்கு வழி உடோணும். மலையில பொறந்த உனக்கு இத நான் சொல்லித் தரோணுமா?”

“அது ரயில் மாதிரிங்கண்ணா.”

“தண்டவாளம் போட்டுட்டா மலை மாறிப்போச்சா? சேலத்துல வேணா அப்பிடி இருக்கும்.” டீயை ஊதிக் குடித்தார். “அந்தப் புள்ள காட்டற கொடியே எறங்கறவனுக்குத்தான. அவன் நிக்கோணும்னுதான காட்டுது.”

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“அன்னிக்கும் அப்பிடிக் காட்டுச்சுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “எப்பவும் சொல்றேன் கண்ணு. பொதுவா.”

ஜெயமேரி அக்கா சாலை ஓரத்தில் நின்று கொடியைக் குறுக்கே நீட்டுவாள். கீழிருந்து வருகிறவனுக்கும் தெரியும், மேலிருந்து வருகிறவனுக்கும் தெரியும். யாருக்கு என்று கொடியில் எழுதியிருக்காது. பொன்னுவேல் அதைப் பார்த்தும், ‘எனக்குக் காட்டவில்லை’ என்று மனமார நம்பலாம். அப்படியானால் அவர் பொய்யும் சொல்லவில்லை, அக்கா மேலும் தப்பில்லை. இதை எழுதியபோது கதை முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் சந்தேகம் வந்தது. எல்லாரும் நல்லவர்களாக முடிகிற கதையை யார் நம்புவார்கள்? அவர் ‘பொதுவா’ என்றுதானே சொன்னார்?

4

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். எடுத்தால் எனக்குச் சாதகம் என்று தோன்றியதால் வைத்திருக்கிறேன்.)

கம்பெனி மேஸ்திரி தேவசிகாமணி நாற்றுப் பண்ணைக்கே வந்தார். பண்ணைக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு நாற்றை எடுத்து வேரைப் பார்த்தார். மறுபடி அதே பையில் வைத்தார்.

“கம்பெனிக்கு யார் மேலயும் கோவம் இல்லீங்க. பாத்ததைச் சொன்னாப் போதும். பனிதான் நொம்ப இருந்துதாமே. என்ன தெரிஞ்சிருக்கும், பாவம்.”

“ஆமாங்க. பனி இருந்துச்சுங்க.”

“டைப்பு படிக்கறீங்களாமா? ஆபீஸ்ல ஒரு மிஷின் சும்மா கெடக்குது. அடிக்க ஆள் இல்லீங்க.”

அவ்வளவுதான் பேசினார். போய்விட்டார்.

ஏன் வந்தார் என்று யோசித்தேன். கொடி காட்டியும் மோதியது என்றால் அடுத்த கேள்வி வரும்: கொடி போதாத இடத்தில் ஏன் கேட் போடவில்லை? ஊர்க்காரர்கள் கேட் கேட்டபோது, நாலு பஸ் போகிற ரோட்டுக்குக் கேட் எதற்கு என்று கம்பெனி சிரித்தது. கொடி காட்டவில்லை என்றால் அந்தக் கேள்வி வராது. தப்பு ஒரு பெண்ணின் கையோடு நின்றுவிடும். பஸ் முதலாளிக்கும் அதுதான் வசதி. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திடீரென்று ஒரே பதிலை விரும்பினால், அந்தப் பதிலைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் இப்படி யோசித்து ‘கொடி இருந்தது’ என்று முடிவு செய்தால், அது பார்த்ததாகிவிடுமா?

இன்னொன்று. மேஸ்திரி போன பிறகு அந்த மிஷின் தமிழ் மிஷினா, இங்கிலீஷ் மிஷினா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

கடைசி ட்ராலி போனதும் அடுத்த பஸ்ஸில் வரும் ஜெயமேரி அக்கா வகுப்பில் என் பக்கத்து மிஷினில் உட்காருவாள். விபத்துக்குப் பிறகு வரவில்லை. நேற்றுத்தான் வந்தாள். மிஷின் உறையைக் கூட எடுக்கவில்லை.

“பொன்னுவேலு கூட டீ குடிச்சியாமா?”

“ஆமாங்க்கா.”

“மேஸ்திரியும் பண்ணைக்கு வந்தானாமா?”

“வந்தாருங்க்கா.”

“எல்லாருக்கும் உங்கிட்டதான் வேலை. சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். முன்னாடி சீட்டுலதான உக்காந்திருந்தே. கொடியப் பாத்தியா இல்லியா?”

“நீங்க காட்டினீங்களாக்கா?”

கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“காட்டினேன் கண்ணு. காட்டாம இருப்பனா?”

முதல் வாக்கியம் போதும். இரண்டாவது எதற்கு? காட்டினேன் என்பது நடந்ததைச் சொல்வது. காட்டாமல் இருப்பேனா என்பது தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. அவளுக்கும் அந்த நிமிடம் ஞாபகம் இல்லையோ? தினமும் நீட்டிய கை அன்றும் நீண்டிருக்கும் என்று நம்புகிறாளோ? (இப்படி எழுதுகிற நான் அவளுக்குத் தோழியா என்று எனக்கே தெரியவில்லை.)

“எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க்கா.”

“அப்பப் பாக்கலீன்னு சொல்லப்போறே.”

“அப்பிடியும் சொல்ல மாட்டேன்.”

“நடுவுல நின்னா ட்ராலி அடிச்சிரும் சாமி,” என்றாள். உறை போட்ட மிஷின் மேல் ஒரு தடவை விரல்களை வைத்துவிட்டு எழுந்து போனாள். மாஸ்டர் பாடத்தை நிறுத்தவில்லை.

6

சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடத்தில் யார் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். அந்த வளைவில் மலைப் பழக்கம்தான் சொன்னது. சின்னையன் சேலம் ஆஸ்பத்திரியில், “பஸ்ஸு ஏறி வருதேன்னு பிரேக்க இறுக்கிப் புடிச்சேன்” என்று சொன்னாராம். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் உருளாமல் வழுக்கியதாம், அவரைக் கீழே தள்ளியதாம். அப்படியென்றால் நிற்க முடியாதவர் நிற்கப் பார்த்தார். நிற்க முடிந்தவர் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மரியாதையைத்தான் நம்பினார்கள். அந்த மரியாதைக்கு எதிராக நின்றது ஒரு கொடி மட்டும். அல்லது அதுவும் நிற்கவில்லை.

(‘சொன்னாராம்’. நான் நேரில் கேட்கவில்லை. என்னிடம் சொன்னவர் சின்னையனுக்குச் சொந்தக்காரர்.)

7

என்னை ‘அவள்’ ஆக்கி மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. விசாரணையில் அவள் எழுந்து, கொடியைப் பார்த்தேன் என்றாள். பொன்னுவேல் தலை குனிந்தார். அடுத்த மாதம் வளைவில் கேட் போட்டார்கள்.

கேட் போட்டார்கள் என்பது என் ஆசை. அடித்துவிட்டேன்.

ஆ. அவள், பார்க்கவில்லை என்றாள். ஜெயமேரி சாமான்களைக் கட்டி ஒரு ஜீப்பில் ஏற்றினாள். கம்பெனி ஆபீசில் ஒரு புது டைப்பிஸ்ட்

இதை முடிக்க முடியவில்லை.

இ. வளைவுக்கு முன்னால் கண்ணாடி முழுக்கப் பனி. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில்

இங்கே பேனாவை மூடி வைத்தேன். துடைத்தது உண்மை. அது கையில் ஞாபகம் இருக்கிறது, கண்ணாடியின் குளிர்ச்சியோடு. அடுத்த வார்த்தையை எழுதினால், அது எதுவானாலும், நாளைக்கு அதையே பார்த்ததாகச் சத்தியம் செய்வேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட எனக்கு வராது. அதுதான் பயமாக இருக்கிறது.

8

ஆகவே இந்தக் கதையை இங்கே நிறுத்துகிறேன். விசாரணையில், டீக்கடையில் பொன்னுவேல் சொன்னதைச் சொல்வேன். மேஸ்திரி சொன்ன மிஷினைப் பற்றியும் சொல்வேன். கண்ணாடியைத் துடைத்தேன் என்பது வரைக்கும் சொல்வேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரிகிறதோ, அது நான் எழுதியதாக இல்லாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பஸ்ஸில் இல்லாத உங்களுக்கு, துடைத்த இடத்தில் இருந்தது என்ன என்று இதற்குள் ஒன்று தோன்றியிருக்கும். வேண்டுமானால் அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். எனக்கு மட்டும் காட்டாதீர்கள்.