மூத்தார் பெயரில் ஒரு சிங்காசனம்

கனிஷாய் வீட்டு மண்தரை ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் கண்ணாடியானது. நிலக்கரி விலை ஏறிய வாரம் அது, ஆகவே எங்கள் ஊரில் யாரும் தரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அப்போது அந்த வீட்டில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கனிஷாய், அவள் கணவன் தெமிர்குல், ஒரு காது கேட்காத பழைய டிராக்டர்காரர் அசனாலி, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி நூர்பியூபு. வாசிக்கத் தெம்பும் கண்ணும் உள்ளவள் கனிஷாய் ஒருத்திதான். ஆனால் எங்கள் கிர்கிஸ் பெண்கள் மூத்தார் பெயரை, அதாவது கணவனின் அண்ணன் பெயரை, சொல்லமாட்டார்கள், அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் வாயில் எடுக்கமாட்டார்கள். அவளுடைய மூத்தார் பெயர் தக்திபெக். தக்தி என்றால் சிங்காசனம். அந்த அதிகாரத்திலோ தடுக்கி விழுந்தால் சிங்காசனம். அவள் யோசித்து, அந்த இடத்திலெல்லாம் 'பால் கறக்கிற முக்காலி' என்று வாசித்தாள். பரலோகத்தில் ஒரு முக்காலி வைக்கப்பட்டிருந்தது, அதைச் சுற்றி வானவில், அதற்கு முன்னால் கண்ணாடிக்கடல், அங்கே இருபத்துநான்கு மூப்பர்கள் கிரீடத்தைக் கழற்றி வைத்தார்கள். "மாடு எங்கம்மா நிக்குது?" என்று அசனாலி ஒவ்வொரு வாரமும் கேட்பார். அன்று கொட்டிலில் இருந்த முக்காலி தானாக நடந்து வந்து அறை நடுவில் நின்றது. அதற்கு முன்னால் தரை தெளிந்து, கீழே ஆழமாகப் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நால்வரும் காலை மடக்கிக்கொண்டு மீதியைப் படித்து முடித்தார்கள்.

தெமிர்குல் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பதினோரு வருடம் அண்ணன் அவனோடு பேசவில்லை. பிப்ரவரியில் தெமிர்குல் நுரையீரல் நோயில் செத்துப்போனான். ஊர்ப் பெரியவர்களுக்குத் தலைவர் தக்திபெக்தான், எங்கள் முஸ்லிம் ஊரின் இடுகாட்டுக் கதவு அவர் சொல்லுக்குத்தான் திறக்கும். கனிஷாய் போய் வாசலில் நின்றாள்.

"ஆறடி குடுங்க அத்தான், போதும். உங்க கூடப் பொறந்தவரு."

"பொறக்கறப்போ கூடப் பொறந்தான். போறப்போ தனியாப் போகட்டும். அந்தப் புத்தகத்த அடுப்புல போட்டுட்டு வா, மண்ணு தர்றேன்."

பக்கத்து ஊரிலும் இடமில்லை என்றார்கள். வீட்டுத் தோட்டத்தில் அசனாலி கடப்பாரை போட்டபோது பெரியவர்கள் வந்து குழிக்குள் இறங்கி நின்றுகொண்டார்கள். முற்றத்தில் பிணத்தைக் கிடத்தப் போட்ட கூடாரத்தில் ஒப்பாரி வைக்க ஒருத்தியும் வரவில்லை. பனியிலும் பிணத்தின் முகம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கனிஷாய் அடுப்பைத் திறந்து புத்தகத்தை இரண்டு முறை உள்ளே நீட்டினாள், இரண்டு முறை வெளியே எடுத்தாள். தரை கண்ணாடியானதெல்லாம் ஓர் ஆச்சரியமா? அவளுக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் ஆச்சரியம்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பிணத்தை அறைக்குள் கொண்டுவந்து கிடத்தி, மூன்று பேரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். முதல் முக்காலி வந்த இடத்தில் கனிஷாய் விரலை வைத்துக்கொண்டு கணவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தக்தி" என்றாள். நூர்பியூபு வாயைப் பொத்திக்கொண்டாள். மேலத்தெருவில் கிண்ணத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த தக்திபெக் உட்கார்ந்தபடியே நாலடி நகர்ந்தார். "தக்தி! தக்தி!" என்று அவள் கத்தி வாசித்தாள். ஒவ்வொரு முறைக்கும் அவர் பத்துக் கெஜம் இழுபட்டார். பாப்ளார் மரத்தைப் பிடித்துப் பார்த்தார், விட்டுவிட்டது. கடையில் நின்றவர்கள் அவர் பின்பக்கமாகப் போவதைப் பார்த்து சலாம் சொன்னார்கள். கண்ணாடிக்கடல் வந்தபோது வாசலில் இருந்தார், மூப்பர்கள் கிரீடத்தைக் கழற்றியபோது அறைக்குள் இருந்தார். தேநீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"யார்டி பேர் சொல்லிக் கூப்புட்டது?"

"உங்கள இல்ல அத்தான். ஆனா வந்துட்டீங்க."

அவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். தம்பி முகம் காலடியில் கிடந்தது. பதினோரு வருடத்தில் அதை நேராகப் பார்த்தது அன்றுதான். எங்கள் ஆண்கள் கழுத்தே போனாலும் தலைக் குல்லாயைத் தரையில் வைக்கமாட்டார்கள். தக்திபெக் தன் வெள்ளைக் கம்பளிக் குல்லாயைக் கழற்றி, முக்காலிக்கு முன்னால் கண்ணாடிமேல் வைத்தார். வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். குல்லாய் பட்ட இடத்தில் தரை ஏப்ரல் மாத ஏரி மாதிரி இளகியது. அவர் தலைப்பக்கம் பிடித்தார், அசனாலி கால்பக்கம் பிடித்தார். தெமிர்குல் மெல்ல உள்ளே இறங்கினான், தரை மூடிக்கொண்டது.

இடுகாட்டுக் கதவு இன்றும் இவர்களுக்குத் திறக்கவில்லை. தக்திபெக்கைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் வியாழக்கிழமைதோறும் வெறுந்தலையோடு வந்து, முக்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் கீழே உட்காருகிறார். கனிஷாய் பழையபடி முக்காலி என்றே வாசிக்கிறாள்.

"பேரச் சொல்லியே படியேம்மா," என்று ஒருநாள் அவரே கேட்டார்.

"அதெப்படி அத்தான், மரியாத இல்லாம."

"மாடு எங்கம்மா?" என்றார் அசனாலி.

குளிர்காலத்தில் கால் சில்லிடுகிறதென்று இப்போது தரையில் கம்பளம் விரித்திருக்கிறார்கள், தெமிர்குல் முகம் தெரியும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.