ஆட்சேபனை உள்ளவர்கள்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யாராவது அங்கத்தினராகச் சேர வந்தால், அவர் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனையில் வாசித்து, "இவரைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்று கேட்க வேண்டும். வாசிக்க வேண்டியது சபைச் செயலாளர். அந்தச் செயலாளர் நான். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ஈ காக்கைகூட வாயைத் திறந்ததில்லை. இந்த முறை வாசிக்க வேண்டிய பெயர் என் தம்பியுடையது. ஆட்சேபனை உள்ள ஒரே ஆள் நான். கூத்தைப் பாருங்கள்.

முதல் ஞாயிறு வாசித்தேன். இரண்டாவது ஞாயிறும் வாசித்தேன். இரண்டு தடவையும் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கோபத்தைப் பாத்திரங்களிடம் காட்டினேன். மூன்றாவது ஞாயிறு சும்மா விடப்போவதில்லை என்று முடிவுகட்டியிருந்தேன்.

அப்படி என்ன ஆட்சேபனை? ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், என் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவன், முந்தின நாள் குடித்தது தெளியாமல் காரைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் மோதினான். அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல். எட்டு வயது மகளுக்கு மூன்று அறுவை சிகிச்சை. இன்றைக்கும் அவளுடைய இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. செருப்புக்கு அடியில் கட்டை வைத்து நடக்கிறாள். தம்பிக்கு மூன்று வருடம் சிறை. அங்கே மனம்திரும்பினானாம். வெளியே வந்து ஒரு ரொட்டிக் கடையில் தட்டு கழுவுகிறான். குடியை விட்டுவிட்டான். வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன், வந்ததில்லை.

போன மாதம் என் வேலையிடத்துக்கு வந்து நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்க்கிற வேலை எனக்கு. சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் ஃபிரேமுக்குள் ஆடும், குறைத்தால் உட்காராது.

"அக்கா, உங்க சபையில சேரலாம்னு இருக்கேன்."

"ஊர்ல வேற சபையே இல்லையா உனக்கு?"

"இருக்கு. ஆனா உங்க முன்னாடிதான்க்கா நான் வந்து நிக்கணும். கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார்னு நம்பறேன்."

"எப்ப மன்னிச்சார்? என்னைக் கேட்டாரா? என் பொண்ணக் கேட்டாரா? கால் போனது அவளுக்கு, மன்னிக்கிறது அவராக்கும்!"

கையில் இருந்த லென்ஸ் ஓரம் தெறித்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். தம்பி திரும்பிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே பாஸ்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை, ஆனால் நான் இருந்த ஆத்திரத்தில் அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"ஒருத்தன் குழந்தையோட கால முறிப்பான். அப்புறம் முழங்கால் போட்டு அழுதா எல்லாம் சரியாப் போச்சா பாஸ்டர்? அப்ப நீதின்னு ஒண்ணு எதுக்கு?"

"நீதி எங்கயும் போகலம்மா. அந்தத் தண்டனைய இன்னொருத்தர் தன்மேல ஏத்துக்கிட்டார். அதத்தான நாம நம்பறோம்."

"நல்லா இருக்கே! உங்க பிள்ளை செஞ்ச தப்புக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைய அடிப்பீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேய்த்துக் கொடுத்த லென்ஸ்தான். "அடிக்க மாட்டேன். ஆனா அவரா வந்து முதுகைக் காட்டினா... எனக்கும் அது முழுசாப் பிடிபடலம்மா."

"பிடிபடாததையா வாராவாரம் பிரசங்கம் பண்றீங்க?"

"பண்ணப் பண்ணவாவது பிடிபடுமான்னுதான்" என்று சிரித்தார். பிறகு, "உங்களுக்கு ஆட்சேபனை இருந்தா தாராளமா எழுந்து சொல்லுங்க. மூப்பர்கள் விசாரிச்சு முடிக்கிறவரைக்கும் அவரைச் சேர்க்க மாட்டோம்" என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த "இன்னொருத்தர் ஏத்துக்கிட்டார்" மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஏனென்றால், இதுவரை சொன்னதில் ஒன்றை உங்களிடம் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்ன, விழுங்கிவிட்டேன்.

விபத்து நடந்த அன்று காலை தம்பி என்னிடம் சொன்னான். "அக்கா, நேத்து போட்டது இன்னும் இறங்கல. இன்னைக்கு நீயே கூட்டிட்டுப் போயேன்." வீட்டுக்காரர் கப்பல் வேலைக்காரர், வருடத்தில் பதினொரு மாதம் கடலில். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. "பத்து நிமிஷ வழி. மெதுவா ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்று சாவியை அவன் கையில் திணித்தது நான்.

கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள்: அவர் குடித்திருந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். ஒரே ஒரு சொல். தம்பிக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர் லொடலொட. ஒரு விஷயம் அவன் வாயில் தங்காது. நான் ஒளித்துத் தின்ற பண்டத்தையெல்லாம் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவன். அந்த லொடலொட அன்றைக்குக் கூண்டில் நின்று என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான். யார் கேட்டார்கள் அவனை?

இப்போது அவன் மன்னிக்கப்பட்டவன். சரி. அப்படியானால் என் பங்கு எங்கே போனது? அதையும் அவன் ஜெபத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டானா? சொல்லியிருந்தால் நான் கேட்காமலே எனக்கும் மன்னிப்பா? சொல்லாவிட்டால் நான் மட்டும் அப்படியே நிற்கிறேனா? எழுந்து ஆட்சேபனை சொன்னால் அது மகளுக்காகவா, எனக்காகவா? அவன் குற்றவாளியாக இருக்கிறவரைக்கும் நான் வெறும் அம்மா. அவன் சுத்தமாகிவிட்டால் நான் யார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கர்த்தரிடமே நேராகக் கேட்டேன். அவர் எப்போது எனக்கு உடனே பதில் சொன்னார், அன்றைக்குச் சொல்ல?

மூன்றாவது ஞாயிறு. தம்பி கடைசி பெஞ்சில், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையில். மகள் இரண்டாவது பெஞ்சில், இடது காலை நீட்டியபடி. காகிதத்தைப் பிரித்து வாசித்தேன். "யாருக்காவது ஆட்சேபனை உண்டா?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. பத்து எண்ணுகிற நேரம் காத்திருந்து, அடுத்த வரியை வாசிப்பதுதான் வழக்கம். ஏழு வரைக்கும் எண்ணினேன்.

"எனக்கு இருக்கு" என்றேன்.

மொத்த சபையும் நிமிர்ந்தது. தம்பி எழுந்து நின்றான், அடி வாங்கத் தயாரானவன் மாதிரி.

"சொல்லுங்கம்மா" என்றார் பாஸ்டர்.

இவன் என் பிள்ளையின் காலை எடுத்தவன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான். ஆனால் வந்தது வேறு. "அன்னைக்கு அவன் எங்கிட்டச் சொன்னான். போதை இறங்கலன்னு சொன்னான். நான்தான் சாவியக் குடுத்தேன். தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னேன்."

"அக்கா, வேணாம்க்கா" என்றான் தம்பி.

"நீ வாய மூடு!" என்று கத்தினேன். ஆராதனையில் அப்படிக் கத்தியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

காது மந்தமான மூத்த மூப்பர் பக்கத்து ஆளிடம் உரக்கவே கேட்டார்: "ஆட்சேபனை யார் மேலய்யா? வாசிக்கிற அம்மா மேலயா?" பாஸ்டர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கையில் இருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு இடம் இல்லை என்பது எனக்கே தெரியும்.

அப்போது மகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"மாமா சொன்னது, நீ சாவி குடுத்தது. ஷூ போட்டுக்கிட்டு வாசல்லதான நின்னேன்."

ஆறு வருடம். ஆறு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் காலை என் மடியில் வைத்து மருந்து தேய்த்திருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பேசிக்கொண்டு, இதையும் தெரிந்துவைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்.

"தெரிஞ்சும் ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"எத்தனையோ தடவை கேக்கணும்னு வரும். நீ குனிஞ்சு தேய்ச்சிக்கிட்டே இருப்பே. அப்புறம் கேக்கத் தோணாது."

அவ்வளவுதான் சொன்னாள். தம்பி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதில் அடுத்த வரி இன்னும் வாசிக்கப்படாமல் இருந்தது.

"கால் என்னோடது" என்றாள் மகள். "எனக்கு ஆட்சேபனை இல்ல. வாசிம்மா."

பாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். என்னை அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வாசித்தேன். "ஆட்சேபனை ஏதும் இல்லாதபடியால், இவர் சபையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறார்." அந்த "இவர்" யார் என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.