என்னைப் போல் அழுத அப்பா

மூன்று வாரமாக வீட்டில் ஒரே குசுகுசு. அப்பா அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். கேட்டால், "சும்மா ஒரு டெஸ்ட்டும்மா" என்பார். அம்மாவோ, நான் கேட்காமலேயே புது செல்போன் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அப்போதே ஏதோ பெரிதாக மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து வயதாகிறது, நான் என்ன கைக்குழந்தையா? அப்பாவுக்கு என்ன வியாதி என்று தெரியாமல் இனிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் படுக்கையறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வீட்டில் கதவைப் பூட்டிவிட்டு ரகசியம் பேசுகிறார்களாம்! அப்பாவின் கருவிப் பெட்டி கூடத்தில்தான் கிடந்தது. வளைந்த கம்பியை உள்ளே விட்டு நெம்பினேன். நாலாவது நெம்பலில் கதவு திறந்தது.

அப்பா என் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, காலை உதைத்து அழுதுகொண்டிருந்தார். "ஐயோ! ஏன் முன்னாடியே சொல்லல? போங்க, உங்க கூட பேச மாட்டேன்!"

அம்மாவின் கையில் ஒரு காகிதம். "அவ இவ்ளோ சத்தம் போட மாட்டா. கதவைத்தான் டமார்னு சாத்துவா. மறுபடி முதல்ல இருந்து வருவோம். 'கண்ணு, அப்பாவுக்குக் குடல்ல கேன்சர்...'"

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

"நான் காலை உதைச்சா அழுவேன்?" என்று கத்தினேன். சத்தியமாக முதலில் வந்தது அந்தக் கோபம்தான். "அதுல மூக்கை வேற உறிஞ்சறீங்க!"

அப்பா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் எனக்கு, அப்புறம் அவருக்கு. விலா நோகச் சிரித்தோம். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார்.

மூச்சு வாங்கியதும் கேட்டேன். "செத்துடுவீங்களாப்பா?"

அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர்கள் எழுதவே இல்லை.

"தெரியலம்மா" என்றார் அப்பா. "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு டாக்டர் நம்பறார். எனக்குப் பயமாத்தான் இருக்கு. உங்கிட்ட சொல்லத்தான் அதைவிடப் பயம்."

"ஆபரேஷன் என்னைக்கு?"

"வர்ற புதன்."

"நானும் வரேன்."

"அன்னைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சைடி" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்க, எனக்குக் கணக்கு வருமாம்மா? நானும் இந்த வீட்டு ஆள்தானே?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வரட்டும்" என்றார் அவர். "நான் கண்ணு முழிக்கும்போது ரெண்டு பேரும் இருங்க."

மூன்று வாரமாகத் தன்னந்தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கட்டிலில் இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தேன். மூன்று பேருமாகப் பயந்தோம். எவ்வளவோ தேவலையாக இருந்தது.