ஐந்து நிமிடப் பேச்சு

கமலவேணி: செயல்திட்டம் எண்பத்தெட்டு, பங்கேற்பு பூஜ்யம்.

பாயா ரும்புட்டில் தன் வீட்டு மேசை முன் இருந்த விரிவுரையாளர் திலகா மதிப்பெண் பட்டியலை மூன்றாவது முறையாகப் பார்த்தாள். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கான இணையவழிப் படிப்பில் பதினான்கு வாரமும் கமலவேணி ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. மைக்கை ஒருமுறைகூடத் திறந்ததுமில்லை. பங்கேற்பு பூஜ்யமானால் பாடமே தோல்வி. ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். இப்போது நாலே முக்கால்.

நியாலாஸ் தோட்டத்தில் இருந்த கமலவேணியை வீடியோவில் அழைத்தாள்.

"ஏங்கக்கா ஒருநாளும் பேசல?"

"மைக்கத் தொறந்தா அவரு சத்தம் எல்லாருக்கும் கேக்கும் டீச்சர்."

பக்கவாதம் வந்து படுத்த கணவர் பெரியதம்பிக்குப் பேச்சு போய் ஓலம் மட்டும் மிஞ்சியிருந்தது. தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கும் கமலவேணிக்கு, சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேலையில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா பாவம்னு மார்க் போடுவாங்க. நான் படிக்கத்தானே வந்தேன்."

விதியில் ஒரு வழி இருந்தது. செயல்திட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம் இடைவிடாமல் பேசிப் பதிவுசெய்தால் தேர்ச்சிக்கான மதிப்பெண் போடலாம்.

"இப்பவே பேசுங்கக்கா. ரெக்கார்ட் பண்றேன்."

கமலவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு வராத பிள்ளைகளுக்காக வரைந்த பட அட்டைகளைக் காட்டினார். தண்ணீர், பசி, வலி, பயம். "மொதல்ல வீட்டுலதான் செஞ்சு பாத்தேன்" என்றார். மூன்றாவது நிமிடத்தில் ஓலம் எழுந்தது. குரலை உயர்த்திப் பேசினார். நான்காவது நிமிடத்தில் எதுவோ பொத்தென்று விழுந்தது. கைபேசியைப் போட்டுவிட்டு ஓடினார்.

திரையில் வெறும் கூரை. "எங்க அடிபட்டுச்சு? என்னப் பாருங்க" என்ற குரல் மட்டும் கேட்டது.

"அக்கா!" என்று கத்தினாள். கமலவேணியின் பக்கத்து வீட்டாரின் கைபேசி எண் எதுவும் அவளிடம் இல்லை. மணி நான்கு ஐம்பத்தாறு. சலுகை காட்டினார் என்று போன பருவத்தில் ஒரு விரிவுரையாளரின் ஒப்பந்தத்தை நிறுத்தியிருந்தார்கள். திலகாவுடையது அடுத்த மாதம் முடிகிறது.

'இடைவிடாமல் பேசினாரா?' என்று படிவம் கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினாள். பதிவை வெட்டாமல் முழுதாக இணைத்து அனுப்பினாள். பட்டியல் பூட்டிக்கொண்டது.

"மார்க் போட்டுட்டேன்க்கா" என்றாள் கூரையிடம்.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. மூச்சிரைப்புக்கு நடுவே கமலவேணியின் குரல் வந்தது: "என் கழுத்தப் புடிச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு." கட்டில் கிரீச்சிட்டது. மறுபடியும், "ஒண்ணு, ரெண்டு..."

திலகா மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.