மாஸ்டரின் வலது கால்

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. இப்படியே போனா இன்னும் பத்து வருஷத்துல கடிக்கிறதுக்குப் பல் இருக்காது," என்று பல் டாக்டர் சொன்னபோது மாஸ்டர் நம்பவில்லை. பல்லைக் கடிக்க அவருக்கு என்ன ஆத்திரம், யார் மேல் ஆத்திரம்? இருபத்தெட்டு வருடமாகப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். குப்பைத்தொட்டியை இடித்துச் சாய்த்தவர்களிடம்கூட, "விடுங்க, அது எப்பவும் குறுக்கதான் நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். பொறுமைக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

டாக்டர் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தந்தார். கூடவே உடம்பையும் மனதையும் தளர்த்திக்கொள்ளப் பழக்கும் வகுப்பு ஒன்றின் முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டைச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடலாம் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். துணி துவைக்கப் போட்ட மனைவி அதை எடுத்துப் படித்துவிட்டதால் போகவேண்டியதாயிற்று.

வகுப்பு சனிக்கிழமை காலைகளில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்தது. கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஒன்பது பேர் விரிப்பில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்கள். முதல் நாள் மாஸ்டர் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். பக்கத்தில் படுத்திருந்த பேக்கரிக்காரர் தோளைத் தட்டி எழுப்பினார். இரண்டாவது வாரம் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். மாஸ்டர் கண் திறந்தபோது நாற்பத்து மூன்றில் இருந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "உங்களுக்கு எதையும் நிறுத்தத் தெரிஞ்சாத்தானே," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம்தான் அது நடந்தது. கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளரவிடும் பயிற்சி. நர்ஸ் ஒவ்வொருவர் அருகிலும் வந்து குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். மாஸ்டரின் இடது கால் அவர் கையில் கல்லாய்க் கனத்தது. நர்ஸ் திருப்தியாக அதைக் கீழே வைத்துவிட்டு வலது காலைத் தூக்கினார்.

"கால எங்கிட்ட விட்டுடுங்க சார்."

"விட்டுட்டேன் மேடம்."

நர்ஸ் கையை எடுத்தார். கால் அந்தரத்திலேயே நின்றது. பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். மாஸ்டரும் சிரித்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்க, பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொள்கிறவர் தவறினால் அதை மிதிக்கவேண்டும் என்று விளக்கினார்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ இந்தக் கால் இத்தனை வருஷமா, யார் எப்போ தப்பு பண்ணுவாங்கன்னு காத்துக்கிட்டே இருக்கு," என்றார்.

எல்லோரையும் மறுபடி படுக்கச் சொன்னார். எந்த நினைப்பு வந்தாலும் விரட்டவேண்டாம், வந்த வழியே போய்விடும் என்றார். மாஸ்டருக்கு வந்தது மகளின் நினைப்பு.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பத்தொன்பது வயது. மற்றவர்களிடம் மாஸ்டர் கடைசி நொடிவரை காத்திருப்பார். தப்பைச் செய்து பார்த்தால்தான் கை பழகும் என்பது அவர் கணக்கு. மகளிடம் மட்டும் அந்தக் கணக்கு செல்லவில்லை. அவள் தப்பு செய்வதற்கு முன்பே, செய்யக்கூடும் என்று தோன்றும்போதே மிதித்துவிடுவார். கார் குலுங்கி நிற்கும். "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று அவள் கேட்பாள். பதிலுக்கு அவர் அதட்டுவார். பதினோராவது நாள், குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வருவதைப் பார்த்து நாற்சந்தியின் நடுவில் மிதித்தார். பின்னால் வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. ஓரம் கட்டச் சொல்லி, "இறங்கு. உனக்கெல்லாம் இது வராது," என்றார். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், வராது என்று வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வந்த நினைப்பு வந்த வழியே போகவில்லை. படி இறங்கும்போதும் கூடவே இறங்கியது, வீடுவரை வந்தது.

நாலு நாள் தள்ளிப்போட்டு, ஐந்தாம் நாள் மகளுக்குப் போன் செய்தார். அவள் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் கணவனோடும் குழந்தையோடும் இருக்கிறாள். சுற்றி வளைத்து வகுப்பைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். தான் ஒரு வாரம் வந்து தங்குவதாகவும், முதலிலிருந்து கற்றுக்கொடுப்பதாகவும், இந்த முறை குறுக்கே வரமாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா, எனக்கு லைசென்ஸ் இருக்கு."

"எப்போ எடுத்தே?"

"ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. நீங்க பக்கத்துல உக்காந்தா கை நடுங்கும்னு தோணுச்சு. அதான் சொல்லல."

இந்த இரண்டு வருடத்தில் அவர் நாலு தடவை அங்கே போயிருக்கிறார். நாலு தடவையும் அவள் பஸ்ஸில்தான் ஸ்டேஷனுக்கு வந்து அவரை அழைத்துப்போனாள். வாசலில் நின்ற காரை மாப்பிள்ளையுடையது என்றே அவர் நினைத்திருந்தார். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே, அவளுக்கும் தெரியும் என்று விளங்கிவிட்டது. உங்கள் மனம் கஷ்டப்படுமே என்று மகள்தான் சொல்லவேண்டாம் என்றாள், நான் என்ன செய்ய என்றாள் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதற்கு யாரையும் கோபித்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் ரயில் ஏறினார். ஸ்டேஷன் வாசலில் மகள் காரோடு நின்றிருந்தாள், தேர்வுக்கு வந்தவளைப் போல. தான் பின்னால் உட்காருவதாகச் சொன்னார். "பரவால்லப்பா, முன்னாடியே உக்காருங்க," என்றாள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. மாஸ்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினார், பத்து வந்ததும் ஒன்றுக்குத் திரும்பினார். அவள் பேத்தியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்போது சந்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் எட்டிப்பார்த்தார். மகள் அவரை முன்பே பார்த்து வேகத்தைக் குறைத்திருந்தாள். மாஸ்டருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவருடைய கால் தடாலென்று தரையை மிதித்தது, கை முன்பலகையைப் பற்றியது, பல்லிடுக்கில் மூச்சு சீறியது. அவள் பதறிக் கிளட்சை விட்டுவிட்டாள். கார் உதறி நின்றது. பின்னால் ஹாரன்கள். இரண்டு முறை சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை. மூன்றாவது முறை கிளம்பியதும் ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

"தப்பு என்மேலதாம்மா. நீ அந்த ஆளப் பாத்துட்டே."

"தெரியும்பா," என்றாள். சற்றுப் பொறுத்து, "அன்னைக்கு நாற்சந்தியில அந்த ஸ்கூட்டரயும் பாத்துட்டேன்."

மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "உனக்கு வராதுன்னு சொன்னேனே, அது பொய். எனக்குத்தான் பயம். பெத்த பொண்ணாச்சே, ஏதாவது ஆயிட்டான்னு பயம். அத உம்மேல போட்டுட்டேன். மன்னிச்சிரும்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் எப்போதோ போய்விட்டது என்றாள். பயம்தான் போகமாட்டேன் என்கிறது, அதற்குத் தன்னால் என்ன செய்யமுடியும் என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தையை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவர நேரமாகியிருந்தது.

"அப்பா, குழந்தைய ஏத்திக்கிட்டு ஓட்டணும். நீங்க இங்கிருந்து பஸ்ல வந்துடறீங்களா? கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு," என்று மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ் எண்ணைச் சொன்னாள், எங்கே இறங்கவேண்டும் என்றும் சொன்னாள். அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

நடைபாதையில் நின்று பார்த்தார். அவள் முதலில் சிக்னல் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் தெரியாத மூலைக்காகக் கழுத்தைத் திருப்பியும் ஒரு தடவை பார்த்தாள். ஒரு வேன் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் வாகனங்களின் ஓட்டத்தில் சேர்ந்துகொண்டாள். கை நடுக்கம் நின்றிருக்கவேண்டும். கார் நூல் பிடித்தமாதிரி போயிற்று.

கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை அவர் எல்லோருக்கும் மூன்றாம் நாளே பழக்கிவிடுவார். மகளுக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. பதினோரு நாளும் பிரேக்கை மிதிப்பதிலேயே போய்விட்டது. யாரோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நூறு தடவையாவது பொறுமையாகச் சொல்லியிருக்கவேண்டும். அது ஆணா பெண்ணா, இளையவரா தன் வயதுக்காரரா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் மகள் சொல்லியிருப்பாள். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே, மாஸ்டர் பஸ் நிறுத்தத்தைத் தேடி நடந்தார்.