2,947 மாவிலைகள்

1

முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம். பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து எங்கள் வாசலில் விழுந்த இலைகள் எண்ணப்பட்ட காலம் அது. (‘எண்ணப்பட்ட’. ஆய்வறிக்கை எழுதிய பழக்கம். யார் எண்ணியது என்று சொல்லாமல் தப்பிக்கலாம்.)

இந்தக் கதை ஓர் எக்செல் அட்டவணையிலிருந்து வந்தது. அந்த அட்டவணையைத் தயாரித்தவள் நான்.

2

முதல் தொடக்கம்: “புக்கிட் பெலிம்பிங்கில் விடியும்போது, மாமரத்தின் உச்சியில் பொன்னிறமாக—”

வேண்டாம். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. விடியும்போது தெரிவது கால்வாய்தான்.

இரண்டாம் தொடக்கம்: பக்கத்து வீட்டுக் குமுதா அக்கா அந்த மரத்து மாங்காயில் ஊறுகாய் போட்டு, கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் விற்கிறார். கணவர் இறந்தபின் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

இது இருக்கட்டும்.

பச்சையாக இருக்கும்வரை அந்த மரத்து இலை தாமானுக்கே* சொந்தம். பொங்கல், கல்யாணம், கோயில் திருவிழா என்று யாரும் கேட்காமல் பறிப்பார்கள். அப்பா ஏணியோடு போவார். காய்ந்து விழுந்தால் மட்டும் அது குமுதாவின் இலை.

*வீடமைப்புப் பகுதியை இங்கே தாமான் என்போம். மலாயில் பூங்கா என்று பொருள். எங்கள் பூங்காவில் இருப்பது இந்த ஒரு மரம்.

3

அப்பா ஐயாவு, குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். மாவிலை விழுந்து கால்வாய் அடைத்துக்கொள்கிறது என்று கூட்டத்தில் பேசினார். தலைவர் லிங்கேஸ்வரன் ஆதாரம் கேட்டார். இரண்டு மணி நேரமும் மூன்று தட்டு கறிபாப்பும் தீர்ந்தபின் தீர்மானம் வந்தது: இரண்டு வாரம் எண்ணுவது, சராசரி நாளுக்கு இருநூறு இலையைத் தாண்டினால் மரத்தை வெட்டுவது. இருநூறு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கறிபாப் தீர்ந்திருந்தது.

வேலை தேடிக்கொண்டிருந்த உயிரியல் பட்டதாரி தாமானில் ஒருத்திதான்.

குமுதா அக்கா எதிர்ப்பார் என்று நினைத்தேன். “ரூபினி எண்ணட்டும். அது பொய் சொல்லத் தெரியாத புள்ள,” என்று கையெழுத்துப் போட்டார்.

அப்பாவும் அவரும் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதியதுதான் எடை என்று வளர்ந்தவர்கள். தாளில் ஏறிவிட்ட எண்ணோடு அவர்கள் வாதாடமாட்டார்கள்.

4

கால்வாய் ஓரம் குந்தி, பிளாஸ்டிக் பையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினேன். இரண்டாம் நாள் குமுதா அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எல்லா இலைக்கும் ஐசி, அடையாள அட்டை, எடுத்துக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார். மோட்டாரில் போன லிங்கேஸ்வரன் நிறுத்தி, டிகிரி வாங்கியது இலை பொறுக்கவா லா என்றார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

ஆனால் நான், பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போகிறவள்.

மூன்றாம் நாள் காலை நான்

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கிவிட்டேன்.]

மூன்றாம் நாள்

[ஆறு.]

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பா என் அறை வாசலில் நின்று, இருநூறு தாண்டியதா என்று கேட்பார். தாண்டியது என்பேன். அவர் முகம் மலரும். பதினான்காம் நாள் அட்டவணை நிறைந்தது. மொத்தம் 2,947. சராசரி 210.5. தசமப் புள்ளியைப் பார்த்ததும் சங்கம் அடங்கிவிட்டது. அந்த அரை இலை எங்கே விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

5

முடிவுகள்.

அ) மரம் போகிறது. அடுத்த பொங்கலுக்குத் தாமான் முழுக்கப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும்.

ஆ) மழை. மரம் வெட்ட ஆள் வரவில்லை. மூன்று வரைவுகளில் இதைத்தான் வைத்திருந்தேன். மழை பெய்தால் நான் எதுவும் பேசவேண்டியதில்லை.

இ) முடிவை வாசகரே எழுதட்டும் என்று விட்டுவிடுவது. இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் மரியாதை. ஆனால் உங்களிடம் தரவு முழுதாக இல்லை. நான் கொடுக்கவில்லை.

6

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு லோரி வந்தது. மழை இல்லை. மரம் வெட்டும் செல்லன் மோட்டார் ரம்பத்தை இறக்கினார். அப்பா என் அறிக்கையை நெஞ்சோடு பிடித்து நின்றார். குமுதா அக்கா சண்டை போடவில்லை. மரத்தில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டினார்.

“புள்ள கணக்குத் தப்பாதுண்ணே. வெட்டச் சொல்லுங்க,” என்றார் அப்பாவிடம்.

செல்லன் கயிற்றை இழுத்தார். ரம்பம் கிளம்பவில்லை. ஒரு நிமிடம் எல்லாம் அமைதியாக இருந்தது.

(இல்லை. அந்த அமைதி நான் எனக்காகச் சேர்த்தது. ரம்பம் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. அதனால் கத்தவேண்டியிருந்தது.)

“அப்பா, நான் ரெண்டு நாள்தான் எண்ணுனேன். ரெண்டு நாளும் சேர்த்து நூத்திப் பத்தொன்பது இலை. மிச்சப் பன்னெண்டு நாளும் ரூமுக்குள்ள உக்காந்து நானே போட்டது.”